குத்துக்கும் வேண்டும் முத்திரை மரக்கால்!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு மாமரத்து நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் ராஜபாளையம் நூற்பாலைகளில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு வந்தவர்கள். மீதிப் பேர் தோப்பு வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவர்கள். நாமும் அங்கே இருந்தோம். கூட்டத்துக்கு ஆள் சேரும்வரை பொழுது போக வேண்டுமே என்று ஓர் இளம் தொழிலாளி தமது கைப்பேசியில் பழைய குத்துச்சண்டை ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

2014ஆம் ஆண்டு தென்கொரியாவில் இஞ்சியோன் நகரத்தில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி. மணிப்பூரைச் சேர்ந்த சரிதா தேவி ஒரு பக்கம். தென்கொரியாவின் பார்க் ஜி-நா மறு பக்கம். சண்டை முடிந்தது. சரிதாதான் ஜெயித்தார் என்று மரத்தடியில் இருந்த எல்லோருமே நினைத்தார்கள். தீர்ப்போ மூன்றுக்குச் சைபர் என்று பார்க் பக்கம் போயிற்று!

உடனே மரத்தடியில் இன்னொரு சண்டை ஆரம்பமாகிவிட்டது.

“எத்தனை குத்து விழுந்ததுன்னு எண்ணினாப் போதும், அண்ணாச்சி! யாரு கூட அடிச்சாங்களோ அவங்களுக்குத்தான் ஜெயிப்பு. இதுல என்ன சந்தேகம்?” என்றார் ஆலைத் தொழிலாளி.

“எண்ணிக்கை என்ன பெரிய எண்ணிக்கை, தம்பி! பத்துத் தட்டுத் தட்டுறவனும் ஒரே அடியிலே ஆளை நிறுத்துறவனும் ஒண்ணா? அடியோட கனத்தைப் பாக்க வேண்டாமா?” என்றார் வயதான விவசாயத் தொழிலாளி.

அதுவரை பேசாமல் இருந்த ஓர் அம்மாள், களை எடுத்துக் காய்த்துப்போன கையை நீட்டி ஒரு கேள்வி கேட்டார்: “அது கெடக்கட்டும். அந்தப் பிள்ளை அடிச்ச அடியை எண்ணினது யாரு? எண்ணினதை அந்தப் பிள்ளைகிட்டக் காட்டினாங்களா?”

இருவருக்கும் உடனே பதில் வரவில்லை. நம்மையும் அந்தக் கேள்வி விடவில்லை. அதனால்தான் இந்த வாரம் இந்தப் பக்கத்தில் குத்துச்சண்டையைப் பற்றி எழுதுகிறோம்.

நமக்கு இது எதற்கு?

கூலி, போனஸ், பஞ்சப்படி என்று ஆயிரம் பிரச்னை இருக்கும்போது குத்துச்சண்டைப் புள்ளிக் கணக்கு நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம்.

குத்துச்சண்டை மேடையில் ஏறுகிறவர்கள் யார்? சீமான் வீட்டுப் பிள்ளைகளா? வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப பரம்பரை என்று பெயர் சொல்லிக் கையுறை மாட்டியவர்கள் துறைமுகத்திலும் மீன்பிடித் தொழிலிலும் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள். சரிதா தேவியும் விவசாயக் குடும்பத்துப் பெண்தான். உலகம் முழுவதிலும் இதே கதைதான். விற்பதற்குத் தன் உடம்பைத் தவிர வேறொன்றும் இல்லாதவன்தான் மூக்கு உடைபட மேடை ஏறுகிறான்.

ஆகவே குத்து என்பது ஓர் உழைப்பு. அந்த உழைப்பை யார் அளப்பது, எந்த அளவுகோலால் அளப்பது, அளந்தது சரிதானா என்று உழைத்தவன் கேட்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. இது நமக்குப் புதிய கேள்வியா?

இப்போது எப்படி அளக்கிறார்கள்?

தொழில்முறைக் குத்துச்சண்டையில் மேடைக்குள்ளே ஒரு நடுவர் நிற்பார். அவர் சண்டையை நடத்துகிறவர். புள்ளி போடுகிறவர்கள் மேடைக்கு வெளியே மூன்று பக்கங்களில் உட்கார்ந்திருக்கும் மூன்று நடுவர்கள். ஒவ்வொரு சுற்றிலும் மேலாகச் சண்டை செய்தவருக்குப் பத்துப் புள்ளி. மற்றவருக்கு ஒன்பது. ஒருவர் அடிபட்டுக் கீழே விழுந்தால் அவருக்குப் பெரும்பாலும் எட்டு. பெரிய பட்டத்துக்கான சண்டை என்றால் பன்னிரண்டு சுற்று. கடைசியில் கூட்டிப் பார்க்கிறார்கள்.

மேலாகச் சண்டை செய்தவர் யார் என்று எப்படித் தீர்மானிப்பது? நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். முதலாவது, சுத்தமான குத்து. அதாவது மூடிய கையுறையின் முட்டிப் பகுதி எதிராளியின் முகத்திலோ, தலையின் பக்கவாட்டிலோ, இடுப்புக்கு மேலே உடம்பிலோ தடையில்லாமல் விழ வேண்டும். கையில் பட்டது, தோளில் உரசியது எல்லாம் கணக்கில்லை. இரண்டாவது, பலன் தரும்படி முன்னேறித் தாக்குவது. மூன்றாவது, மேடையைத் தன் வசத்தில் வைத்திருப்பது. நான்காவது, தற்காப்பு.

சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நான்கில் எதற்கு எவ்வளவு எடை? ஒரு நடுவர், முன்னேறி முன்னேறி வருகிறவனே சண்டைக்காரன் என்று நினைக்கிறார். இன்னொருவர், பின்வாங்கிக்கொண்டே மூக்கில் நறுக்கென்று குத்துகிறவன்தான் கெட்டிக்காரன் என்று நினைக்கிறார். ஒரே சுற்றைப் பார்த்துவிட்டு ஒருவர் சிவப்புக்குப் பத்து என்றும், அடுத்தவர் நீலத்துக்குப் பத்து என்றும் எழுதுகிறார். இரண்டும் விதிப்படி சரி! விலாவில் ஒரு கனமான குத்து வாங்கிய வலி குத்துப்பட்டவனுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நடுவருக்குக் குத்தியவனின் முதுகுதான் தெரியும்.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் உண்டு. 1999 மார்ச் 13 அன்று நியூயார்க் நகரத்தில் லெனாக்ஸ் லூயிஸ், எவாண்டர் ஹோலிபீல்டு என்ற இரண்டு கனரகச் சாம்பியன்கள் மோதினார்கள். பன்னிரண்டு சுற்று நடந்தது. லூயிஸின் குத்துக்களில் 348 விழுந்ததாகவும், ஹோலிபீல்டின் குத்துக்களில் 130 விழுந்ததாகவும் வெளியார் கணக்குச் சொல்லிற்று. நடுவர்கள் என்ன சொன்னார்கள்? ஒருவர் லூயிஸ் என்றார். ஒருவர் ஹோலிபீல்டு என்றார். மூன்றாமவர் சமம் என்றார். ஆகச் சண்டை சமநிலை! நவம்பர் மாதம் இருவரும் மறுபடி மோதி, லூயிஸ் ஜெயித்த பிறகே விவகாரம் ஓய்ந்தது.

“பார்த்தீர்களா! எண்ணியிருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்குமா?” என்று நம் ஆலைத் தொழிலாளி கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் எண்ணியும் பார்த்தார்கள். அந்தக் கதையையும் கேட்க வேண்டும்.

எந்திரம் வந்தது, நியாயம் வந்ததா?

1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் இறுதிச் சண்டையில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துக்களை இறக்கினார், தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் 32தான் இறக்கினார் என்று தொலைக்காட்சிக்காரர்கள் எண்ணினார்கள். நடுவர்கள் மூன்றுக்கு இரண்டு என்று பார்க் சி-ஹுனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். உலகமே சிரித்தது. அந்தக் கறையைத் துடைக்க, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிலிருந்து கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள். ஐந்து நடுவர்கள் கையில் பொத்தான். ஒரு குத்து விழுந்ததும் ஒரு விநாடிக்குள் மூன்று பேராவது பொத்தானை அழுத்தினால் ஒரு புள்ளி. இல்லாவிட்டால் இல்லை.

இனிமேல் எல்லாம் எண்ணிக்கை, இனிமேல் பாரபட்சம் இல்லை என்றார்கள். நடந்தது என்ன? பொத்தானுக்குக் கனம் தெரியாது. தாடையைப் பேர்க்கும் குத்துக்கும் ஒரு புள்ளி, நெற்றியைத் தொட்டுவிட்டு ஓடும் குத்துக்கும் ஒரு புள்ளி. விலாவில் விழும் குத்து எல்லா நடுவர் கண்ணிலும் படாது. மூன்று பேர் ஒன்றாக அழுத்துவது அரிது. எனவே வீரர்கள் விலாவை விட்டுவிட்டார்கள். தொட்டுவிட்டு ஓடு, ஓடிவிட்டுத் தொடு என்று விளையாட்டே மாறிப்போயிற்று. மடமடவென்று நாலைந்து குத்து விழுந்தால் விரல் வேகம் போதாமல் ஒன்றுதான் பதிந்தது. எந்திரம் பொய் சொல்லவில்லைதான். ஆனால் எந்திரத்தை அழுத்துவது மனிதர்களின் விரல் அல்லவா? அந்த விரலை யார் எண்ணினார்கள்?

2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்த முறையின் யோக்கியதை வெளுத்துப்போயிற்று. நம் நாட்டு சுமித் சங்வான், பிரேசில் வீரரிடம் 14க்கு 15 என்று ஒரே புள்ளியில் தோற்றதாகத் தீர்ப்பு வந்தது. இந்தியா மனுக் கொடுத்தது. மனு தள்ளுபடி. சில நாள் கழித்து விகாஸ் கிருஷன், அமெரிக்காவின் எரல் ஸ்பென்ஸை 13க்கு 11 என்று ஜெயித்தார். அமெரிக்கா மனுக் கொடுத்தது. இரவோடு இரவாகப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். விகாஸ் பலமுறை எதிராளியைப் பிடித்துக்கொண்டார், பல்லுறையை வேண்டுமென்றே துப்பினார், மேடை நடுவர் சரியாகத் தண்டிக்கவில்லை என்று சொல்லி ஸ்பென்ஸுக்கு நான்கு புள்ளி சேர்த்தார்கள். 13க்கு 15 என்று விகாஸ் தோற்றவர் ஆனார்!

விகாஸ் விதியை மீறவில்லை என்று நாம் வாதாட வரவில்லை. நம்முடைய ஆளுக்கு எதிராகப் போனதால் மட்டும் ஒரு தீர்ப்பு அநியாயமாகிவிடாது. சுமித்தின் மனுவும் விகாஸுக்கு எதிரான மனுவும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதும் நமக்குத் தெரியும். ஒன்று புள்ளிக் கணக்கைப் பற்றியது, மற்றொன்று விதி மீறலைப் பற்றியது. ஆனால் அதில்தானே கோளாறு இருக்கிறது! மேடை நடுவர் தவறினால் படத்தைப் போட்டுப் பார்க்கலாம். புள்ளி போட்டவர் தவறினால் பார்க்கக் கூடாது. கணக்கப்பிள்ளை எழுதியது எழுதியதுதான் என்ற பழைய பண்ணைச் சட்டம் அல்லவா இது?

2013இல் பொத்தான் முறையைக் கைவிட்டார்கள். தொழில்முறைச் சண்டையின் பத்துப் புள்ளி முறையையே அங்கும் கொண்டுவந்தார்கள். மறு வருஷமே சரிதா தேவிக்கு அந்த அநியாயம் நடந்தது.

கேட்டதற்குக் கிடைத்த கூலி

சரிதாவின் பக்கத்திலிருந்து 500 டாலர் கட்டி மனுக் கொடுத்தார்கள். நடுவர்கள் போட்ட புள்ளியை எதிர்த்து மனுச் செய்ய விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. மறுநாள் பரிசு மேடையில் கண்ணீரும் கம்பலையுமாக நின்ற சரிதா, தமக்கு அளித்த வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்ள மறுத்தார். அதைப் பார்க் ஜி-நாவின் கழுத்தில் போட்டார். பார்க் மீது நமக்குக் கோபம் இல்லை. அவரும் மேடையில் அடிபட்ட ஒரு பெண்தான். தீர்ப்பு எழுதியது அவர் அல்ல.

சரிதா பிற்பாடு மன்னிப்புக் கேட்டார். கேட்டும் உலகக் குத்துச்சண்டை ஸ்தாபனம் ஓராண்டுத் தடையும் ஆயிரம் சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. எண்ணியவர்களை யாரும் கேட்கவில்லை. எண்ணிக்கையைக் கேட்டவளுக்குத் தண்டனை! ஆலையில் கணக்கில் தவறு இருக்கிறது என்று கேட்ட தொழிலாளிக்கு ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வருவதை நம் வாசகர்கள் பார்த்ததில்லையா?

பின்னர் 2017இல் சரிதா தொழில்முறைச் சண்டைக்குப் போனார். அவருக்கு முன்பே 2015இல் விஜேந்தர் சிங் போயிருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கால் இறுதியில் நான்குக்கு ஒன்று என்று தோற்ற நிஷாந்த் தேவ், 2025 ஜனவரியில் தொழில்முறை மேடையில் ஏறினார். அவருடைய தோல்வியும் பெரிய சர்ச்சையைக் கிளப்பிய தீர்ப்புத்தான். ஆகத் தொழில்முறைக் கணக்கு எப்படியிருக்கிறது என்பது இப்போது நம் நாட்டுப் பிள்ளைகளின் வயிற்றுப் பிரச்னையும் ஆகிவிட்டது.

கூட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம், கொலம்பியாவின் இங்கிரித் வலென்சியாவிடம் தோற்ற கதை அது. முதல் சுற்றில் ஐந்து நடுவர்களில் நான்கு பேர் வலென்சியா பக்கம். இரண்டாம் சுற்றில் மூன்று பேர் மேரி பக்கம். மூன்றாம் சுற்றிலும் மூன்று பேர் மேரி பக்கம். மூன்றில் இரண்டு சுற்று மேரிக்குத்தானே? ஆனால் ஒவ்வொரு நடுவரும் தம் மூன்று சுற்றையும் தனித்தனியே கூட்டியபோது மூன்று பேருடைய கணக்கில் வலென்சியா முன்னால் நின்றார். மேரி தோற்றார். அது விதிப்படிதான். ஆயினும் ஜெயித்துவிட்டோம் என்று நம்பி மேடையை விட்டு இறங்கிய மேரிக்கு, தாம் தோற்றது பிறகுதான் புரிந்தது. ஆறு முறை உலகச் சாம்பியனாக இருந்தவருக்கே கணக்குப் புரியவில்லை என்றால், அந்தக் கணக்கை எழுதியவர்கள் யாருக்காக எழுதினார்கள்?

எண்ணிக்கையா, கனமா?

இனி மரத்தடிச் சர்ச்சைக்கு வருவோம். நம்முடைய அபிப்பிராயம் இதுதான்: இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். குத்துச்சண்டைக்காரன் கையுறைக்குள் சுற்றிக்கொள்வதும் அந்த வகைத் துணிதான். அதை மீட்டர் கணக்கில் அளக்கலாம். மீட்டர் மட்டும் போதுமா? இழை விட்டுப்போன துணி துணியாகுமா? தரம் மட்டும் போதுமா? நாளெல்லாம் தறியில் நின்றவனுக்கு நீளத்தைக் கணக்கிட வேண்டாமா? இரண்டும் வேண்டும். ஆனால் எது எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதிவைக்க வேண்டும். நெய்த பிறகு முதலாளி தம் இஷ்டப்படி ஒரு நாள் நீளத்தையும் மறுநாள் இழையையும் காட்டிக் கூலியைக் குறைத்தால், அது அளவு அல்ல, களவு.

குத்துக்கும் அதுவே. சுத்தமாக விழுந்த குத்துதான் முதல் கணக்கு. அதில் ஆளைத் தள்ளாட வைத்த குத்துக்குக் கூடுதல் எடை கொடுக்க வேண்டும். அதில் இருவரும் சமம் என்றால் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அதுவும் சமமானால்தான் மேடையை வசத்தில் வைத்திருப்பது போன்ற மற்ற விஷயங்களுக்குப் போக வேண்டும். விழாத குத்தோடு முன்னேறி வருவதற்கு ஒரு புள்ளியும் கூடாது. இந்த வரிசையை எல்லா நடுவர்களுக்கும் ஒரே மாதிரி எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் இவ்வளவும் செய்தாலும் போதாது. அந்த அம்மாள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

மரக்கால் யார் கையில்?

நெல் அளப்பதில் என்ன நடந்தது என்று பழைய தோழர்களுக்குத் தெரியும். குத்தகையை வாங்க ஒரு மரக்கால், கூலியைக் கொடுக்க ஒரு மரக்கால்! வாங்கும்போது கும்பமாக, கொடுக்கும்போது தலைதட்டி! 1940களில் கீழத்தஞ்சையில் விவசாயச் சங்கம் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று, முத்திரை மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்பது. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்று போராடிய அதே மக்கள் மரக்காலுக்காகவும் போராடினார்கள். ஏன்? மரக்கால் பண்ணையார் கையில் இருக்கிறவரை, கூலியை உயர்த்தினாலும் வீடு வந்து சேராது என்று அவர்களுக்குத் தெரியும்.

தொழில்முறைச் சண்டையில் மரக்கால் யார் கையில் இருக்கிறது? அமெரிக்காவில் நடுவர்களை நியமிப்பது மாநிலக் கமிஷன்தான். ஆனால் பல இடங்களில் நடுவருக்குச் சேரும் கூலி, சண்டையை நடத்தி லாபம் பார்க்கிறவர் கட்டும் பணம். அந்த நடத்துநருக்கு எந்த வீரன் ஜெயித்தால் அடுத்த சண்டைக்கு டிக்கெட் விற்கும் என்பது முன்பே தெரியும். எல்லா நடுவர்களும் விலை போனவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலோர் நாணயமானவர்களாகவே இருக்கலாம். நாணயமானவரைக்கூடச் சந்தேகிக்க வைக்கும் ஏற்பாடு இது என்றே சொல்கிறோம்.

ஒலிம்பிக் பக்கத்தில் சந்தேகம் மெய்யாகவே ஆயிற்று. 2016 ரியோ ஒலிம்பிக் சண்டைகளின் முடிவுகளைத் திரிக்க ஓர் ஏற்பாடே இருந்தது என்று மெக்லாரன் விசாரணை அறிக்கை 2021இல் சொன்னது. அந்த உலக ஸ்தாபனத்தின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் கமிட்டி 2023இல் ரத்து செய்தது. ஸ்தாபனம் போனது சரி. ஜெயித்தும் தோற்றவர்களின் இளமை திரும்பி வருமா?

தவறு என்று தெரிந்தாலும் திருத்துவதற்கு வழி உண்டா? 2012 ஜூன் 9 அன்று லாஸ் வேகாஸில் பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவ், திமோத்தி பிராட்லியிடம் தோற்றதாக இரண்டு நடுவர்கள் தீர்ப்பு எழுதினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும், பட்டம் வழங்கிய ஸ்தாபனம் ஐந்து நடுவர்களைக் கொண்டு படத்தைப் பார்க்கச் செய்தது. ஐந்து பேரும் பாக்கியாவ்தான் ஜெயித்தார் என்றார்கள். தீர்ப்பு மாறியதா? இல்லை! கூட்டலில் பிழை, விதியில் பிழை, கூட்டுச் சதி என்று காட்டினால்தான் பொதுவாக மாற்றலாம். கண்ணில் பிழை என்றால் மாற்றக் கூடாதாம்.

தலைக்குள் விழும் அடி

இது வெறும் பதக்கப் பிரச்னையாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டோம். இதில் உயிர்ப் பிரச்னை ஒன்று ஒளிந்திருக்கிறது.

“தீர்ப்பை நடுவர் கையில் விட்டுவிடாதே” என்பது குத்துச்சண்டைக்காரர்கள் நடுவே பழமொழி மாதிரி வழங்கும் பேச்சு. அதற்கு அர்த்தம் என்ன? புள்ளியை நம்பாதே, எதிராளியை விழுத்தாட்டு என்பதுதான். சாமர்த்தியமாக ஒதுங்கிச் சுத்தமாகக் குத்துகிறவன், கணக்கு சரியாக விழும் என்று நம்பினால் அப்படியே சண்டையை முடிப்பான். நம்பாவிட்டால்? கடைசிச் சுற்றில் தானும் நாலு அடி வாங்கிக்கொண்டு எதிராளியின் தலையைத் தேடிப் போவான். இரண்டு தொழிலாளிகளின் மூளையும் கலங்கும். கணக்குப் பொய்யானால் அடி கூடுகிறது!

தலையில் விழும் அடி அன்றோடு போவதில்லை. குடிக்காமலே குடித்தவனைப் போலத் தள்ளாடி, நாக்குக் குழறி, நினைவு மங்கும் நோய் பழைய குத்துச்சண்டைக்காரர்களைப் பிடிக்கிறது என்று 1928இல் மருத்துவப் பத்திரிகையில் எழுதியவர் அமெரிக்காவின் டாக்டர் ஹாரிசன் மார்ட்லண்ட். இந்த மார்ட்லண்ட் யார் தெரியுமா? கைக்கடிகார முகப்புகளில் ரேடியம் சாயம் பூசிய ஏழைப் பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை எலும்பு அரித்துச் செத்தார்களே, அவர்களைக் கொன்றது ரேடியம்தான் என்று 1925இல் எடுத்துக் காட்டியவரும் அவரே. தொழிற்சாலையில் சாயம் பூசிய பெண்ணையும் மேடையில் அடிபட்ட வீரனையும் ஒரே டாக்டர் பரிசோதித்தார். இரண்டுமே தொழில் நோய் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நாம் கேட்பது

முதலாவது, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மூன்று நடுவர்களும் போட்ட புள்ளியைப் பலகையில் காட்ட வேண்டும். உலகக் குத்துச்சண்டை கவுன்சில் என்ற ஸ்தாபனம் நான்காவது சுற்றிலும் எட்டாவது சுற்றிலும் அறிவிக்கும் முறையை ஏற்கெனவே கொண்டுவந்திருக்கிறது. செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்கிறார்கள். முன்னணியில் இருக்கிறவன் தெரிந்துகொண்டு ஓட ஆரம்பித்துவிடுவான், சுவாரஸ்யம் போய்விடும், ஜனக்கூட்டம் நடுவரை மிரட்டும் என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கால்பந்தில் எத்தனை கோல் என்று மறைத்து வைத்தா விளையாடுகிறார்கள்? கபடியில் புள்ளியைக் கடைசியில்தான் சொல்கிறார்களா? ஓடுகிறவனைச் சண்டை செய்ய வைக்க மேடை நடுவருக்கு எச்சரிக்கவும் புள்ளி குறைக்கவும் அதிகாரம் இருக்கிறது. பின்தங்கியவனுக்குத் தான் பின்தங்கியிருப்பது தெரிவதும், இனி அடி வாங்கிப் பயனில்லை என்று அவன் பயிற்சியாளர் துணியை வீசிச் சண்டையை நிறுத்துவதும் நல்லதா, கெட்டதா?

இரண்டாவது, புள்ளியை எதிர்த்து மனுச் செய்யும் உரிமை வேண்டும். அந்தச் சண்டையில் உட்காராத வேறு நடுவர்கள், குறிப்பிட்ட நாளுக்குள், படத்தைப் பார்த்து எழுத்தில் காரணம் சொல்லித் தீர்க்க வேண்டும். தோற்றவர்கள் எல்லோரும் மனுப் போடுவார்களே என்றால், நடுவர்கள் பிளவுபட்ட தீர்ப்புகளுக்கு மட்டுமாவது முதலில் கொண்டுவரலாம். ஒரு மனப்பட்ட தீர்ப்பும் தவறாகலாம் என்பதற்குச் சரிதாவே உதாரணம்தான். ஆனாலும் ஓர் ஆரம்பம் வேண்டுமே!

மூன்றாவது, நடுவரின் கூலி சண்டை நடத்துகிறவரின் மடியிலிருந்து வரக் கூடாது. பொது நிதியிலிருந்து வர வேண்டும். எந்த நடுவர் எந்தச் சண்டைக்கு என்ன புள்ளி போட்டார் என்ற ஏடு எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

நான்காவது, இவற்றையெல்லாம் தீர்மானிக்கும் இடத்தில் அடிபடுகிறவர்களுக்கும் நாற்காலி வேண்டும். வீரர்கள் தனித்தனியாக நின்றால் சரிதாவைப் போலப் பதக்கத்தைக் கழற்றத்தான் முடியும். சேர்ந்து நின்றால் விதியைக் கழற்றலாம்.

இத்தனையும் வந்தாலும் இரண்டு கண்கள் ஒரு குத்தை இரண்டு விதமாகப் பார்ப்பது நிற்காது. நிற்கவும் வேண்டாம். கருத்து வேற்றுமை குற்றமல்ல. கணக்கை மறைப்பதுதான் குற்றம்.

அன்று செண்பகத்தோப்பில் கூட்டம் கலையும்போது இளைஞர் அந்த அம்மாளிடம், “அத்தே, நீங்க நடுவரா இருந்தா யாருக்குப் புள்ளி போட்டிருப்பீங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

“எனக்கு அந்தச் சண்டை தெரியாது, தம்பி. யாருக்குப் போட்டாலும், இந்தா பாரு, இதுக்காகப் போட்டேன்னு அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருப்பேன்” என்றார் அவர்.

நடுவர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.